பூச்சிக் கட்டுப்பாட்டைச் செய்பவரே அதற்கு மதிப்பெண்ணும் போடலாமா?

ரவைமில் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் ரவை, மைதா, சேமியா தயாரிக்கும் நடுத்தர ஆலை ஒன்றில் தரப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஏற்றுமதி இருப்பதால் பிஆர்சி (பிரிட்டனில் தோன்றிய உணவுப் பாதுகாப்புத் தரநிலை) சான்றிதழும் வைத்திருக்கிறோம்.

பூச்சி, எலிக் கட்டுப்பாட்டை வெளி நிறுவனம் ஒன்றிடம் ஆண்டு ஒப்பந்தத்தில் விட்டிருக்கிறோம். வாரம் இருமுறை அவர்களுடைய ஆள் வருகிறார். எலிப்பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார், ஈப்பிடி விளக்குகளின் ஒட்டுத் தாளை மாற்றுகிறார், சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். ஆண்டுக்கு ஒருமுறை அதே நிறுவனத்தின் மண்டல மேலாளர் வந்து திட்டம் முழுவதையும் மதிப்பிட்டு அறிக்கை தருவது வழக்கம். இந்த ஆண்டும் வந்தார். காலை பதினொன்றரைக்கு வந்தவர் மதியச் சாப்பாட்டுக்கு முன் புறப்பட்டுவிட்டார். பதினான்கு பக்க அறிக்கை மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. எல்லாத் தலைப்புகளுக்கும் எதிரே ‘திருப்தி’ என்றிருந்தது. எங்கள் ஆலையில் இல்லவே இல்லாத குளிர்பதன அறையும் திருப்தியாக இருப்பதாக ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

அதற்கு ஒன்பதாம் நாள், மதுரையிலுள்ள வாடிக்கையாளர் ஒருவர் அரைக் கிலோ ரவைப் பொட்டலத்தில் சிவப்பு வண்டுகள் உயிரோடு ஊர்வதைக் காணொளியாக அனுப்பினார். கடந்த ஓராண்டுச் சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினேன். ‘பூச்சி நடமாட்டம்: இல்லை’ என்ற வரி எல்லாத் தாளிலும் ஒரே கையெழுத்தில், ஒரே சாய்வில் இருந்தது.

வெளியாள் ஒருவரை வைத்து மதிப்பிடலாம் என்று முதலாளியிடம் கேட்டேன். “பூச்சி பிடிக்க ஒருத்தருக்குக் காசு, அவர் பிடித்தாரா என்று பார்க்க இன்னொருத்தருக்குக் காசா?” என்றார். நியாயமான கேள்விதான், எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. மதிப்பிடுபவர் வெளியாளாகத்தான் இருக்க வேண்டுமா, அப்படி வருபவர் எதைப் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தணிக்கைமேசை எழுதியது:

உணவு ஆலைத் தணிக்கையில் பல ஆண்டுகள் இருந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். பிஆர்சி தரநிலையின் 4.14-ஆம் பிரிவு, வழக்கமான சர்வீஸ் வருகைகளுக்கு அப்பால், துறை வல்லுநர் ஒருவர் இடர்ப்பாட்டின் அளவுக்கேற்ப, குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆலை முழுவதையும் ஆழமாகச் சோதித்து, நடப்பிலுள்ள ஏற்பாடுகள் போதுமா என்று எழுதித் தர வேண்டும் என்கிறது. தானியப் பூச்சி வரக்கூடிய ஆலையாக இருந்தால், இயந்திரங்களைத் திறந்து பார்க்க வசதியான நேரத்தில் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அவர் வேறு நிறுவனத்துக்காரராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. பிரிட்டனில் பெரிய பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் தம்மிடமுள்ள உயிரியல் பட்டதாரிகளையே இந்த வேலைக்கு அனுப்புகின்றன. ஆகவே உங்கள் ஒப்பந்ததாரரின் மேலாளர் வந்ததில் விதிமீறல் இல்லை. இரண்டு மணி நேரத்தில், ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனதுதான் குற்றம்.

நம் நாட்டுச் சட்டப்படி, உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின் நான்காம் அட்டவணையே பூச்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் அதன் பதிவேடுகளையும் கேட்கிறது. ஆனால் பதிவேடு இருப்பதும் திட்டம் பலிப்பதும் வேறு வேறு.

வெளியாள் என்பதாலேயே ஒருவர் நடுநிலையாளர் ஆகிவிடுவதில்லை என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். அமெரிக்காவின் பீனட் கார்ப்பரேஷன் ஆஃப் அமெரிக்கா என்ற நிலக்கடலை நிறுவனத்தை நினைவிருக்கும். 2008-09-இல் அவர்கள் சரக்கின் வழியாகப் பரவிய சால்மனெல்லா என்ற நோய்க்கிருமியால் 714 பேர் நோயுற்றதாகப் பதிவாயிற்று, ஒன்பது பேர் இறந்தார்கள்; 2015-இல் அதன் தலைவருக்கு 28 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜார்ஜியா மாநிலம் பிளேக்லியிலுள்ள அதே ஆலைக்கு 2008-இல், பெயர் பெற்ற வெளித் தணிக்கை நிறுவனம் ஒன்று ‘மிகச் சிறப்பு’ என்று தரம் கொடுத்திருந்தது. வருகை முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. தணிக்கைக் கட்டணத்தைக் கட்டியதும் ஆலைதான்.

அந்த நிறுவனத்துக்கு டெக்சாஸின் பிளெயின்வியூவிலும் ஓர் ஆலை இருந்தது. அங்கே 2006-இல் நெஸ்லே நிறுவனம், கடலை வாங்கலாமா என்று முடிவு செய்யத் தன் சொந்த ஆட்களை அனுப்பியது. ஆலையின் உள்ளும் புறமுமாக ஐம்பது சுண்டெலிப் பிணங்கள் வரை கிடந்ததை அவர்கள் குறித்துக்கொண்டு வந்தார்கள். நெஸ்லே அங்கே கடலை வாங்கவில்லை. விவகாரம் வெடித்தபின் 2009 பிப்ரவரியில் மாநில அதிகாரிகள் போனபோது, உற்பத்திப் பகுதிக்கு மேலே கூரைக்கும் உட்கூரைக்கும் இடைப்பட்ட தவழ்வெளியில் செத்த எலிகளும் எலிப் புழுக்கைகளும் பறவை இறகுகளும் கிடந்தன. காற்றோட்டக் கருவி அந்தக் குப்பையை இழுத்து உற்பத்திப் பகுதிக்குள்ளேயே விட்டுக்கொண்டிருந்தது.

ஒரே நிறுவனத்தை இரு தரப்பு வெளியாட்கள் பார்த்தார்கள். ஒரு தரப்புக்குச் சான்றிதழ் எழுதித் தரும் வேலை, மறு தரப்புக்கு அந்தக் கடலையைத் தன் சாக்லேட்டில் போடலாமா என்று முடிவு செய்யும் வேலை. தவறான தீர்ப்பால் யாருக்கு நட்டம் வருமோ அவருடைய கண் கூர்மையாக இருக்கும். உங்கள் முதலாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதினேழுவருடம் எழுதியது:

தணிக்கை அம்மா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரி இழைகளில் கடைசியில் பழி வந்து விழுவது எங்கள் தொழிலாளி தலையில்தான் என்பதால், மறுபக்கத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. நான் பதினேழு வருடம் மருந்து தெளிப்பான் தூக்கியவன். இப்போது சிறிய அளவில் சொந்தமாகச் செய்கிறேன். 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்றுத்தான் இந்தத் தொழிலைச் செய்ய முடியும். உரிமம் இல்லாத ஆளோடு எங்களை விலையில் மோதவிடுவது ஆலைகள்தான்.

நடப்பதைச் சொல்கிறேன். ஒரு பையனுக்கு ஒரு நாளில் ஐந்து இடம் கொடுக்கிறார்கள். ஓர் ஆலையில் நாற்பது, ஐம்பது எலிப்பெட்டி இருக்கும். வெயிலில் ஒவ்வொன்றாகக் குனிந்து சாவி போட்டுத் திறந்து, உள்ளே இருக்கும் மருந்துக் கட்டியில் பல் பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை உறுதி செய்வதற்காகப் பெட்டிக்குள் பார்கோடு ஒட்டினார்கள். வேறொருவரிடம் வேலை பார்த்த காலத்தில் நான் கண்ணால் கண்டது இது: எல்லாப் பார்கோடுகளையும் நகல் எடுத்து ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, காவலாளி அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ‘டிக், டிக்’ என்று ஐம்பது பெட்டியையும் நான்கு நிமிடத்தில் முடித்தார்கள். கணினியில் நேரமும் பெட்டி எண்ணும் பதிவாகிவிட்டன. தணிக்கைக்கு வந்தவர் அந்தப் பதிவைப் பார்த்து, டிஜிட்டல் முறை பிரமாதம் என்று பாராட்டினார். அறிவுள்ள தணிக்கையாளர் என்றால், ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் இடையில் ஐந்து விநாடிதான் இருக்கிறதே, நடுவில் ஆலைச் சுவர் நூறு அடி நீளம் போகிறதே என்று அதே பதிவிலேயே கண்டுபிடித்திருப்பார்.

அதே சமயம் இன்னொன்றையும் கேளுங்கள். சர்வீஸ் ரிப்போர்ட்டின் அடியில் ‘பரிந்துரைகள்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஷட்டருக்குக் கீழே இடைவெளி இருக்கிறது என்று நான் ஓர் ஆலையில் பதினெட்டு மாதம் தொடர்ந்து எழுதினேன். பென்சில் நுழையும் இடைவெளி, அதாவது ஆறு மில்லிமீட்டர் இருந்தாலே சுண்டெலி நுழைந்துவிடும் என்பது தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். அந்த ஷட்டரின் கீழே என் உள்ளங்கையே நுழையும். கையெழுத்துப் போட்டவர் ஒருநாளும் அந்தக் கட்டத்தைப் படித்ததில்லை. எலி வந்தது, ஒப்பந்தம் போயிற்று. மதிப்பீடு என்று வைத்தால் எங்களை மட்டும் மதிப்பிடாதீர்கள். நாங்கள் எழுதியதை ஆலை என்ன செய்தது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள்.

இனிப்பகம் எழுதியது:

நான் நடத்துவது சின்ன இனிப்பு, காரக் கடை, பின்புறம் சமையற்கூடம். எங்களைப் போன்றவர்களுக்கு ஆழ்சோதனை, வல்லுநர் என்பதெல்லாம் எட்டாக்கனி அல்லவா? கரப்பான் தொல்லை தவிர வேறெதுவும் இல்லை. மாதம் ஒருமுறை ஜெல் மருந்து வைத்துவிட்டுப் போகிறார்கள்.

தணிக்கைமேசை எழுதியது:

இனிப்பக நண்பருக்கு: உங்கள் அளவுக்கு வல்லுநர் தேவையில்லை. மருந்து வைப்பவருக்குத் தெரியாமல், நீங்களே பத்து ஒட்டுப் பொறிகளை வாங்கி, குளிர்சாதனப் பெட்டியின் மோட்டாருக்குப் பின்னால், மாவுப் பீப்பாய்க்கு அடியில், பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ் என்று எண் போட்டு வையுங்கள். ஜெல் வைப்பதற்கு முந்தைய வாரம் எத்தனை, பிந்தைய வாரங்களில் எத்தனை என்று எண்ணிச் சுவர் நாள்காட்டியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை இறங்காவிட்டாலோ, பெரியவை குறைந்து பொடிக் குஞ்சுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தாலோ மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரவில்லை. செலவு சில நூறு ரூபாய்தான். மருந்து வைப்பவர் எண்ணாமல் நீங்கள் எண்ணுவதால் இதுவும் சுதந்திரமான மதிப்பீடுதான்.

வண்டுக்கணக்கு எழுதியது:

சேமிப்புத் தானியப் பூச்சியியலில் ஆய்வு செய்துவருகிறேன். ரவைமில் அன்பரே, உங்கள் காணொளியில் இருப்பது சிவப்பு மாவு வண்டாகத்தான் இருக்க வேண்டும். முப்பது டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் அதற்கு முட்டையிலிருந்து வண்டாக மாற ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகவே உங்களிடம் ஒரு கேள்வி: மேலாளர் வருவதற்கு முன் ஆலையில் புகையூட்டம் (மூடி வைத்து நச்சுவாயுவைப் பரவவிடுவது) நடந்ததா? நடந்திருந்தால் எத்தனை நாள் மூடி வைத்திருந்தீர்கள்?

ரவைமில் எழுதியது:

நடந்தது. மேலாளர் வருவதற்கு இருபது நாள் முன்பு கோதுமை அடுக்குகளுக்கும் அரவைப் பகுதிக்கும் புகையூட்டினார்கள். ஆறு நாள் என்று திட்டம். ஆனால் ஆர்டர் நெருக்கடி என்று மூன்றாம் நாள் பிற்பகலிலேயே திறந்துவிட்டோம். திறந்தபோது தரையெங்கும் வண்டுகள் செத்துக் கிடந்தன, பெருக்கி அள்ளினோம். பலன் நன்றாக இருக்கிறது என்றுதான் அன்றைக்கு எல்லோரும் பேசிக்கொண்டோம்.

வண்டுக்கணக்கு எழுதியது:

அந்தச் செத்த வண்டுகள்தான் உங்களை ஏமாற்றியிருக்கின்றன. நம் நாட்டில் பெரும்பாலும் பயன்படுவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை. மூன்று கிராம் மாத்திரை ஒன்று காற்றின் ஈரத்தோடு சேர்ந்து ஒரு கிராம் பாஸ்பின் வாயுவை வெளியிடும். வளர்ந்த வண்டும் புழுவும் இந்த வாயுவுக்கு எளிதில் இறந்துவிடும். முட்டையும் கூட்டுப்புழுவும் அப்படியல்ல. அவை மெதுவாகச் சுவாசிப்பதால் நஞ்சும் மெதுவாகவே ஏறும். ஐந்து முதல் ஏழு நாள் வரை மூடி வைக்கச் சொல்வது அவற்றுக்காகத்தான். அந்த நாள்களில் முட்டை பொரித்துப் புழுவாகிவிட்டால் வாயு அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாம் நாள் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிற தலைமுறை தரையில் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத தலைமுறை மூன்று நான்கு வாரத்தில் எழுந்து வரும். நீங்கள் சொல்லும் நாள்களைக் கூட்டிப் பாருங்கள், இருபதும் ஒன்பதும் இருபத்தொன்பது.

ஆகவே மதிப்பிட வருபவர் முதலில் கேட்க வேண்டியது புகையூட்டச் சான்றிதழை அல்ல, வாயு அளவுப் பதிவை. தார்ப்பாயின் அடியில், அடுக்கின் மேல், நடு, கீழ் என்று மூன்று இடங்களில் குழாய் விட்டு, ஒவ்வொரு நாளும் எத்தனை பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு) இருந்தது என்று எழுதியிருக்க வேண்டும். முதல் நாள் ஏறி இரண்டாம் நாளே விழுந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்று பொருள். ஆறு நாள் அல்ல, பத்து நாள் மூடியிருந்தாலும் அது வீண். திறந்தபின் தொழிலாளர்கள் நுழையும் இடத்தில் 0.3 பிபிஎம்முக்குக் கீழே இறங்கிவிட்டதா என்ற பதிவும் வேண்டும். மூன்றாம் நாள் பிற்பகலில் உங்கள் ஆட்களை உள்ளே அனுப்புமுன் யாராவது அளந்தார்களா என்பதை வண்டுக்கு முன்னால் விசாரியுங்கள். இந்த மாத்திரையை அரசின் அனுமதி பெற்ற செயற்பாட்டாளர்களின் மேற்பார்வையில்தான் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடே அதன் கொடுமைக்காகத்தான். இன்னொன்று: அரைகுறை அளவில் மீண்டும் மீண்டும் புகையூட்டுவதுதான் வாயுவைத் தாங்கும் வண்டினத்தை வளர்த்தெடுக்கும் வழி. இந்த எதிர்ப்புத் திறன் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பல காலமாகப் பதிவாகி வருகிறது.

இரண்டாவதாக, பொறிகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். மாவு வண்டு அலுவலக வராந்தாவில் வாழ்வதில்லை. மாவு அசையாமல் தங்கும் மூலைதான் அதன் ஊர்: தானியத்தையும் மாவையும் மேலே ஏற்றும் எலிவேட்டரின் அடிப்பெட்டி, திருகுக் கடத்தியின் கடைசித் தகடு, சல்லடையின் துணி மடிப்பு, மின் பலகையின் உள்புறம். கோதுமை அடுக்குகளுக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளையிட்ட குழாய்ப்பொறி இருக்கிறது; தானியத்துக்குள் செருகி வைத்தால், ஊர்ந்து திரியும் வண்டு துளை வழியே உள்ளே விழுந்து அடியிலுள்ள கூம்பில் சேரும். கண்ணால் பார்த்து ‘இல்லை’ என்று எழுதுவதைவிட இது நம்பகமானது.

ஈப்பிடி விளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் குழல் நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும், ஆனால் ஈயை ஈர்க்கும் புறஊதா ஒளி அதற்கு வெகு முன்பே மங்கிவிடும். எரிகிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது, குழலை மாற்றிய தேதியைக் கேட்க வேண்டும்.

நெறியாளர்:

இழை பயனுள்ளதாகப் போகிறது. சில பதில்களில் ஒப்பந்த நிறுவனங்களின் பெயர்கள் குறிப்பிடப்பட்டிருந்ததால் அவற்றை நீக்கியுள்ளோம். சொந்த அனுபவத்தை எழுதும்போது எதிர்த்தரப்பின் பெயரைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சரக்குக்கிடங்கு எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். எண்ணிக்கை, பொறி, பதிவு என்று இவ்வளவு பேசுகிறோம். ஒரு பெரிய நிறுவனத்தில் இவை எல்லாமே முறையாக இருந்தால் வெளி மதிப்பீடு மிகைதானே? எங்கள் கிடங்கில் மென்பொருளே மாதாமாதம் வரைபடம் போட்டுத் தருகிறது.

தணிக்கைமேசை எழுதியது:

உங்கள் ஐயத்துக்கு நேரடியான எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்கன்சாஸ் மாநிலம் வெஸ்ட் மெம்ஃபிசில் ஃபேமிலி டாலர் என்ற கடைத்தொடரின் விநியோகக் கிடங்கு இருந்தது. ஆறு மாநிலங்களிலுள்ள 404 கடைகளுக்கு அரிசி, மாவு, மருந்து, செல்லப் பிராணித் தீனி எல்லாம் அங்கிருந்துதான் போயின. 2022 ஜனவரியில் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் உள்ளே போனபோது உயிருள்ள எலிகளும் செத்த எலிகளும் கடித்த பொட்டலங்களும் இருந்தன. பிறகு கிடங்கு முழுவதையும் புகையூட்டியதில் 1,100-க்கும் மேற்பட்ட எலிகள் செத்துக் கிடைத்தன.

நான் சொல்ல வந்தது அந்த எண்ணை அல்ல. அந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவேடுகளிலேயே, 2021 மார்ச் 29 முதல் செப்டம்பர் 17 வரை 2,300-க்கும் மேற்பட்ட எலிகள் பிடிபட்டதாக எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் நாளுக்குப் பதின்மூன்று எலிக்கு மேல் வருகிறது. யாரோ ஒருவர் ஒவ்வொரு நாளும் பொறியைத் திறந்தார், எண்ணினார், எழுதினார். எண்ணியவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார். அந்தப் பதிவைப் படித்து, ‘இந்தக் கிடங்கிலிருந்து இனி ஒரு லாரியும் புறப்படக் கூடாது’ என்று சொல்ல அதிகாரமும் துணிவும் உள்ளவர்தான் இல்லை. லாரிகள் மேலும் பல மாதம் ஓடின. 2024 பிப்ரவரியில் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 4.1675 கோடி டாலர் கட்டியது. உணவுப் பாதுகாப்புக் குற்றவழக்கு ஒன்றில் அதுவரை விதிக்கப்பட்ட பணத் தண்டனைகளில் அதுவே பெரியது என்று அமெரிக்க நீதித்துறை அறிவித்தது.

ஆகவே மென்பொருள் வரைபடம் போடுகிறதா என்று நான் கேட்க மாட்டேன். அந்தக் கோடு எந்த இடத்தைத் தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா, கடந்த ஓராண்டில் அது தாண்டியபோது உண்மையில் என்ன நடந்தது என்றுதான் கேட்பேன். பெரும்பாலான இடங்களில் வரைபடம் வண்ணமயமாக இருக்கும், எல்லைக்கோடு மட்டும் இருக்காது.

பதினேழுவருடம் எழுதியது:

இந்த எலிக் கணக்கைப் படித்ததும், நான் எழுதிய ஷட்டர் இடைவெளிதான் நினைவுக்கு வந்தது. இருக்கட்டும்.

வெளியாளைக் கூப்பிடுவதில் உள்ள ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். ஒரு முறை என் வாடிக்கையாளர் ஒருவர் மதிப்பீட்டுக்காக வெளி ஆலோசகரை வரவழைத்தார். அறிக்கையில் இருபத்தாறு குறைகள். பிறகுதான் தெரிந்தது, அந்த ஆலோசகரின் மைத்துனர் அதே ஊரில் பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் வைத்திருக்கிறார். குறைகளில் பாதி உண்மையானவைதான், அதை மறைக்க விரும்பவில்லை. மீதிப் பாதி என் ஒப்பந்தத்தைப் பறிப்பதற்காக எழுதியவை. மதிப்பிடுபவர், இன்னும் இரண்டு ஆண்டுக்குத் தானோ தன்னைச் சேர்ந்தவரோ இந்த ஆலையில் மருந்து அடிக்கும் வேலையை எடுக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வரட்டும். வரும்போது என் ஆளும் உடன் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் எழுதிய அறிக்கையை நாங்கள் எதிர்ப்போம். எதிரில் நின்று தகட்டைக் கழற்றிக் காட்டினால் வாயை மூடிக்கொள்வோம்.

தணிக்கைமேசை எழுதியது:

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். இதோடு இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கட்டணத்தை ஆலைதான் தர வேண்டியிருக்கும், அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அறிக்கை கொள்முதல் மேலாளருக்கோ உற்பத்தி மேலாளருக்கோ போகாமல் நேரே உரிமையாளருக்குப் போகட்டும். மதிப்பிடுபவர் வரும் தேதியை உரிமையாளர் ஒருவர் மட்டும் அறிந்திருந்தால் போதும். பிளேக்லியில் ‘மிகச் சிறப்பு’ கிடைத்ததற்கு நாள் முன்பே தெரிந்ததும் ஒரு காரணம்.

ரவைமில் எழுதியது:

ஐந்து வாரத்துக்குப் பின் எழுதுகிறேன், பொறுத்தருள்க. இங்கே எழுதியவற்றை அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தேன். வேறெந்த வாதமும் எடுபடவில்லை; இருபதும் ஒன்பதும் இருபத்தொன்பது என்ற வரி எடுபட்டது. ஓய்வு பெற்ற பூச்சியியல் பேராசிரியர் ஒருவரை, மருந்து வேலை எதுவும் எடுக்காதவர் என்று உறுதி செய்துகொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வரவழைத்தோம். ஆலை முழுவதும் நிறுத்தப்பட்டிருந்தது. ஒப்பந்த நிறுவனத்தின் களப் பணியாளரும் எங்கள் ஃபிட்டர்கள் இருவரும் உடன் இருந்தார்கள்.

அவர் அறிக்கைக் கோப்பைத் தொடவே இல்லை. கையில் டார்ச்சும், ஒரு பெயின்ட் பிரஷ்ஷும், வெள்ளைத் தாளும் வைத்திருந்தார். இரண்டாம் எலிவேட்டரின் அடிப்பெட்டித் தகட்டைக் கழற்றச் சொன்னார். ஃபிட்டர் நான்காவது போல்ட்டைத் தளர்த்தியபோதே நெடி வந்துவிட்டது. மருந்தும் புளிப்பும் கலந்தது போன்ற நெடி. உள்ளே மாவு அடை போல் இறுகி, ஓரங்களில் இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருந்தது. வண்டு சுரக்கும் குவினோன் என்ற பொருளால்தான் நெடியும் நிறமும் வருகின்றன என்று விளக்கினார். பிரஷ்ஷால் ஒரு கையளவு வெள்ளைத் தாளில் தள்ளினார். தாள் நகர்ந்தது என்றே சொல்ல வேண்டும், அவ்வளவு புழுக்கள். எங்கள் பொறிகள் அத்தனையும் அந்தத் தகட்டிலிருந்து முப்பது அடி தள்ளி, நடைபாதைச் சுவரில் சுத்தமாக ஒட்டப்பட்டிருந்தன. களப் பணியாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அந்தத் தகட்டைத் திறக்கும் அனுமதியை அவருக்கு நாங்கள் கொடுத்ததே இல்லை. ஆலை ஓடும்போதுதான் அவரை வரச் சொல்லியிருக்கிறோம்.

வாயு அளவுப் பதிவு கேட்டதற்கு, முதல் நாள் அளந்த ஒரே ஒரு எண் கிடைத்தது. திறந்த பின் அளந்ததாக எந்தப் பதிவும் இல்லை. வண்டுக்கணக்கு நண்பர் கேட்ட கேள்வியை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் பெருக்கி அள்ளிய நான்கு பெண்களும் நலமாகத்தான் இருக்கிறார்கள்.

இன்னொரு செய்தி, பதினேழுவருடம் அண்ணனுக்காக. பேராசிரியர் போகும் தறுவாயில், கடையிலிருந்து திரும்பி வரும் சரக்கு எங்கே இருக்கிறது என்று கேட்டார். பொட்டலமிடும் அறையை ஒட்டி, ஒரு மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் குவித்து வைத்திருக்கிறோம். மூட்டையைப் பிரிக்காமலேயே வெளிப்புறத்தில் வண்டு ஊர்ந்தது. புகையூட்டி முடித்த ஆலைக்குள் வாரந்தோறும் நாங்களே புது வண்டுகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்திருக்கிறோம். பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டுகளை மறுபடி எடுத்து, இம்முறை அடியிலுள்ள கட்டத்தை மட்டும் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, இப்போது வேலையில் இல்லாத ஒரு பையன், ‘ரிட்டன் சரக்கை வேறு இடத்துக்கு மாற்றவும்’ என்று மூன்று மாதம் தொடர்ந்து எழுதியிருக்கிறான். மூன்று தாளிலும் கீழே உள்ள கையெழுத்து என்னுடையது.

ஒப்பந்ததாரரை மாற்றவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு ஆலையை நிறுத்தி அடிப்பெட்டிகளைத் திறப்பது, அன்று அவர்கள் ஆள் உடன் இருப்பது, வாயு அளவு தினமும் எழுதாத புகையூட்டத்துக்குப் பணம் இல்லை, பொறியில் எண்ணிக்கை இவ்வளவு தாண்டினால் அந்த வரிசை நிற்கும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்திருக்கிறோம். பேராசிரியர் ஆறு மாதம் கழித்து மறுபடி வருவார்; நாள் முதலாளிக்கு மட்டும் தெரியும். ரிட்டன் சரக்குக்குத் தனி அறை எங்கே கட்டுவது என்பதில் முதலாளியும் கணக்குப் பிரிவும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதுவரை அதை எடைமேடைக்குப் பக்கத்தில், வெளியே, தார்ப்பாய் போட்டு வைத்திருக்கிறேன்.